மாற்றி வைத்த செடி

ஜனவரி 11

அக்காவுக்கு,

ஐந்து நாளாகப் போன் அடித்துப் பார்த்துவிட்டேன். முதலில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நேற்றிலிருந்து அணைத்தே வைத்துவிட்டாய். வேறு வழியில்லாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் கடைசியாகக் கையால் எழுதியது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். லிஃப்டுக்குள் ஒட்டுகிற 'சோதித்தேன், சரி' சீட்டுகள்தான். அதற்கு மேல் எழுதி இந்தக் கைக்குப் பழக்கமில்லை.

அப்பா நன்றாக இருக்கிறார். பதினாறு மணி நேர ரயிலில் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் தூங்கினார். எங்கள் வீட்டில் பால்கனியை ஒட்டின அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறோம். காலையிலிருந்து மாலை வரை வெயில் வரும். உன் வீட்டுப் பின்னறை ஜன்னல் இரண்டு கட்டடத்துக்கு நடுவிலிருக்கும் இடுக்கைப் பார்த்தது. அதில் நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளிச்சம் வந்தால் பெரிது. உன்னைக் குறை சொல்லவில்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

அன்று நான் செய்தது தப்பு என்று நீ நினைக்கிறாய். என் பக்கத்தையும் கேள். நான் லீவில் வந்த முதல் நாளிலிருந்து பார்த்தேன். அப்பா காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரோடு அந்த ஜன்னலுக்குப் போகிறார். அம்மா 'நாக்கு நீட்டி' என்று பெயர் வைத்த அந்தக் கற்றாழை. தடித்த இலைகள் இரண்டு பக்கமும் நாக்குபோல நீண்டு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. "உங்கம்மா வெச்சது. அவ போயி ஏழு வருஷம் ஆச்சு, இது இன்னும் என்னப் பாத்து நாக்க நீட்டுது" என்று என்னிடம் பெருமையாகக் காட்டினார். கால் வலி, பேப்பரில் வந்த செய்தி, நீ காலையில் கோபித்துக்கொண்டது எல்லாவற்றையும் அதனிடம் சொல்கிறார். அம்மா வைத்தது அழுகிப்போய் ஆறு வருஷம் ஆகிறது, ஆபீஸ்களுக்கு வாடகைச் செடி மாற்றுவதுபோல என் நர்சரியிலிருந்து மாற்றி மாற்றி வைக்கிறேன் என்று நீதானே எனக்குப் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற அப்பாவை ஒரு வாடிக்கையாளர்போல வைத்திருக்கிறாய் என்றுதான் பட்டது.

ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் முடியவில்லை. "இது அம்மா வெச்ச செடி இல்லப்பா. அது செத்து ஆறு வருஷம் ஆச்சு" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அவர் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார், நீயும் ஆமாம் என்றாய். தொட்டியை ஜன்னல் வழியாகக் கீழே தள்ளியது அவர். என்னோடு கிளம்புகிறேன் என்றதும் அவர்தான்.

அவருடைய கண்ணாடி, மாத்திரைச் சீட்டு, நீல ஸ்வெட்டர் எல்லாம் அங்கேயே தங்கிவிட்டன. அனுப்பி வை. உன் பேச்சை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கொஞ்ச நாள் போகட்டும்.

உன் தம்பி

ஜனவரி 19

தம்பிக்கு,

கண்ணாடி, மாத்திரைச் சீட்டு, ஸ்வெட்டர் மூன்றும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. நீ கேட்காத இரண்டும் வைத்திருக்கிறேன். ஒன்று அவருடைய நகவெட்டி. வேறு எதனாலும் வெட்ட விடமாட்டார். இன்னொன்று காது மெஷினுக்குப் பாட்டரி. பத்து நாளுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். கேட்கவில்லை என்று வாயைத் திறந்து சொல்லமாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். ரயிலில் பதினாறு மணி நேரம் பேசாமல் வந்தாரே, அதை முழுக்கக் கோபம் என்று எடுத்துக்கொண்டாயா? பாதி கோபம், பாதி பாட்டரி.

வாடிக்கையாளர் என்று எழுதியிருக்கிறாய். சரி, என் வாடிக்கையாளர்களைப் பற்றியே சொல்கிறேன். வங்கி, பல் ஆஸ்பத்திரி, வக்கீல் ஆபீஸ். வெளிச்சம் எட்டிப் பார்க்காத மூலையில் பச்சையாக ஏதாவது வேண்டும் என்பார்கள். அரை நிழல் தாங்குகிற கள்ளி, கற்றாழை வகையாகப் பார்த்துக் கொண்டுபோய் வைப்பேன். தாங்கும் என்றால் பிடிக்கும் என்று அர்த்தமில்லை, பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மூன்று மாதம் பொறுக்கும். பிறகு வெளிறிப்போய்க் கழுத்தை நீட்ட ஆரம்பிக்கும். ஆபீஸில் இருப்பவர்கள், நன்றாக வளர்ந்திருக்கிறது பாருங்கள் என்று என்னிடமே காட்டிச் சந்தோஷப்படுவார்கள். அது வளர்ச்சி இல்லை, வெளிச்சத்தைத் தேடி இழுபடுவது. அதைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, நர்சரியில் தேறி நிற்கிற இன்னொன்றை அதே தொட்டியில் வைத்துவிட்டு வருவேன். எடுத்து வந்தது நிழல் வலைக்குக் கீழே கிடந்து உடம்பு தேறும். யாருக்கும் நஷ்டமில்லை.

அப்பா தினம் ஒரு டம்ளர் ஊற்றுவார். மாதம் இரண்டு தடவை போதும் என்று நூறு தடவை சொன்னேன். "உங்கம்மாவுக்கு நான் தினம் ஊத்துவேன், நீ யாரு கேக்க" என்றார். செடிக்கு என்று அவர் சொல்லவில்லை. அவர் ஊற்றட்டும், அழுகுவதற்குள் நான் மாற்றிக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

அம்மா போன முதல் வருஷம் அவர் எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியாது. நீ இரண்டாவது வாரமே ரயிலேறிவிட்டாய், ஏதோ பெரிய கட்டடத்தில் பதினெட்டு லிஃப்ட் காத்திருந்தது. குளிக்கமாட்டார். சட்டையை மாற்றமாட்டார். தட்டை வைத்தால் ஆறும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார். அவரை நாற்காலியிலிருந்து எழுப்பி நடக்கவைத்தது அந்த ஒரு டம்ளர் தண்ணீர்தான். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். என் பொய்யை வைத்து அவர் இத்தனை வருஷம் சாப்பிட்டார். உன் உண்மையை வைத்து இப்போது என்ன சாப்பிடுகிறார் என்று தெரிந்தால் எழுது.

அக்கா

பிப்ரவரி 12

அக்காவுக்கு,

பெட்டி வந்தது. பாட்டரியை மாற்றினேன். இப்போது கேட்கிறது. ஆனாலும் பேசமாட்டேன் என்கிறார்.

நான் எதையும் மறைக்கப்போவதில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார். பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உச்சி வெயிலிலும் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். முகமெல்லாம் கறுத்துவிட்டது. உள்ளே வாருங்கள் என்றால் வருவார், ஐந்து நிமிஷத்தில் திரும்பவும் அங்கே போய்விடுவார். டாக்டரிடம் காட்டினேன். உடம்பில் ஒன்றும் இல்லை, மனசை வேறு பக்கம் திருப்புங்கள் என்றார். எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம்தான் ஒன்றைக் கவனித்தேன். நான் கவனிக்கவில்லை, என் மனைவி கவனித்தாள். காலையில் எழுந்ததும் அப்பா சமையலறைக்கு வருகிறார். டம்ளரை எடுக்கிறார், குழாயில் பிடிக்கிறார். பிடித்துவிட்டு அப்படியே நிற்கிறார். இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார். பிறகு சிங்க்கில் கவிழ்த்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறார். தினமும் இதுதான். "அவருக்கு ஊத்தறதுக்கு எதையாவது குடுங்களேன்" என்றாள் அவள்.

நீ எழுதினதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவரை நீ ஏமாற்றினாய் என்பதில் எனக்கு இன்னும் மாற்றமில்லை. ஆனால் ஏமாற்றாமல் எப்படி எழுப்பி நடக்கவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு செடி அனுப்பேன். எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. உன்னிடம் ஆயிரம் இருக்குமே.

உன் தம்பி

பிப்ரவரி 21

தம்பிக்கு,

ஆயிரத்துக்கு மேலேயே இருக்கிறது. எல்லாம் வாடகைக்குத்தான். முள்ளில்லாமல் குட்டையாக, இலையில் வெள்ளை வரி போட்டது ஒன்று இருக்கிறது. வரிக்குதிரை என்போம், வடக்குப் பார்த்த ஜன்னலில் வைத்தால் வருஷக்கணக்கில் நிற்கும். மணி மணியாகத் தொங்குகிற ஜாதி இருக்கிறது, தொட்டாலே உதிரும், தொடாமல் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஆகும். மரத்தில் தொற்றி வளர்கிற தொங்கு கள்ளி இருக்கிறது, அதற்கு முள்ளும் கிடையாது, நேர் வெயிலும் ஆகாது, உன்னைப் போல. பாம்புக் கற்றாழையை லிஃப்ட் வாசலில்கூட வைக்கலாம், சாகாது, சாகவேண்டும் என்று நினைத்தாலும் சாகாது. வாடிக்கையாளருக்கு எது பிடிக்கும் என்று விசாரித்து எழுதினால் அனுப்பிவைக்கிறேன்.

கேலி போதும். உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், உரமூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். அந்த டம்ளர் விஷயத்துக்குப் பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. அதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம்.

செடியைக் கேட்டது அவரா, நீயா? அவர் கேட்டிருந்தால் சொல், மடியில் வைத்துக்கொண்டு பதினாறு மணி நேரம் நானே வருகிறேன். நீதான் கேட்கிறாய் என்றால், உன் ஊரிலும் கடைகள் இருக்கும். போய் வாங்கிக்கொள்.

அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

இந்தத் தடவை சுருக்கமாக எழுதுகிறேன், வேலை அதிகம்.

அப்பா உன்னைக் கேட்டார். முந்தாநாள் சாயங்காலம். பால்கனியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்க்காமலேயே, "அக்கா எப்படி இருக்கா? எழுதினாளா?" என்றார். எழுதினாள், நன்றாக இருக்கிறாள் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்தச் செடி மாதிரி அவகிட்ட இன்னும் இருக்குமா" என்றார்.

அதனால் இப்போது கேட்பது நானில்லை, அவர்தான். சீக்கிரம் அனுப்பு.

உன் தம்பி

மார்ச் 22

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. இத்தனை வருஷத்தில் காரணம் சொல்லாமல் மட்டம் போட்டது அன்றைக்குத்தான். இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு நீ படித்துக் காட்ட வேண்டும். பாட்டரியைச் சரிபார்த்துக்கொண்டு, உரக்க, ஒரு வரி விடாமல் படி.

அப்பா, அந்த ஜன்னலில் இருந்தது கடைச் செடி இல்லை. தம்பி சொன்னது தப்பு. அவன் மேல் குற்றமில்லை, நான் அவனுக்குப் பாதிதான் சொல்லியிருந்தேன். அம்மா வைத்த தாய்ச் செடி அழுகியது நிஜம். ஆனால் அம்மா போவதற்கு நாலு வருஷம் முன்னால், நான் நர்சரியில் சேர்ந்த புதிதில், அந்தச் செடியைச் சுற்றிக் குட்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அம்மா உங்கள் ஷேவிங் பிளேடை எடுத்து ஒவ்வொன்றாக அறுத்துப் பிரித்தாள். புது பிளேடு போச்சு என்று நீங்கள் அன்று முழுக்க முணுமுணுத்தீர்கள். பத்துக் குட்டி. வெட்டுவாய் காயட்டும் என்று மூன்று நாள் பேப்பரில் பரப்பி வைத்திருந்து என்னிடம் கொடுத்தாள். இங்கே இடமில்லை, உன் நர்சரியில் ஒரு மூலையில் வைத்துக்கொள் என்றாள்.

கற்றாழைக் குட்டி விதையில் முளைத்ததில்லை அப்பா. தாயிலிருந்து பிரிந்த தாய்தான் அது. அதே செடி, அதே புள்ளி, அதே நாக்கு. நிழல் வலைக்குக் கீழே கடைசி வரிசையில் அவற்றைத் தனியாக வைத்து, 'வாடகைக்கு இல்லை' என்று சீட்டு எழுதிக் குத்தியிருக்கிறேன். முதலாளி இரண்டு தடவை கேட்டும் ஒன்றையும் வெளியே விடவில்லை. தாய்ச் செடி அழுகியபோது அதில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன். நீங்கள் ஊற்றுகிற தண்ணீரில் அது ஊறிப்போவதற்குள் எடுத்துக் காயவைத்து அடுத்ததை வைத்தேன். அம்மாவின் கை படாத செடி அந்த ஜன்னலில் ஒரு நாளும் நின்றதில்லை.

ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நீங்கள் என்னிடம் கேட்டது, "எத்தன வருஷமா என்ன முட்டாளாக்கிட்டிருக்க?" என்றுதான். பத்து நாள் இருந்துவிட்டுப் போக வந்தவன் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, உங்களைக் குளிப்பாட்டினவளை அப்படிக் கேட்டீர்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆமா, நர்சரிச் செடிதான்" என்றேன். சொன்ன வார்த்தை பொய்யில்லை. ஆனால் நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரிந்தே சொன்னேன். உங்களுக்கு வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அது என் தப்பு. மன்னித்துவிடுங்கள்.

தம்பி, இனி உனக்கு. செடியை வேரோடு மண் உதறி, பேப்பரில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். இரண்டு நாள் சும்மா வெளியில் காயட்டும். பாதி மணல் கலந்த மண்ணில் நட்டு ஒரு வாரம் சொட்டுத் தண்ணீர் காட்டாதே. அந்த பால்கனியில் வைத்துவிடாதே, நிழலில் வளர்ந்ததை ஒரே நாளில் வெயிலில் போட்டால் இலை சிவந்து வெந்துபோகும். இடம் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மத்தியானம் அந்த இடத்தில் கையை நீட்டு. கையின் நிழல் அச்சடித்தாற்போல விழுந்தால் வெயில் அதிகம். நிழலே விழாவிட்டால் இருட்டு. விளிம்பு கலங்கின மாதிரி மங்கலாக விழுந்தால் அதுதான் இடம். அவர் தினம் ஊற்றட்டும், தடுக்காதே. மூன்று மாதத்துக்கு ஒன்று நான் அனுப்புகிறேன், நீ மாற்றிக்கொள். இப்போதுதான் உனக்கும் விஷயம் தெரிந்துவிட்டதே.

அடுத்த மாதம் நாலு நாள் லீவு சொல்லியிருக்கிறேன். நான் வரலாமா என்று அவரைக் கேட்டு எழுது. பின்னறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது, இப்போது வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. அவர் அங்கேயே இருக்கிறேன் என்றாலும் சரி, என் முகத்தைப் பார்த்தால் போதும்.

அக்கா

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

செடி ஒரு இலைகூட ஒடியாமல் வந்து சேர்ந்தது. நீ சொன்னபடி காயவைத்து நட்டேன். அதற்குப் பிறகும் பத்து நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. படித்துவிட்டு என்னைக் கிழித்துப் போடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவை உட்காரவைத்து உன் கடிதத்தைப் படித்தேன். புது பாட்டரி. ஒரு வரி விடவில்லை. பிளேடு வருகிற இடத்தில் அவர் முகம் கொஞ்சம் அசைந்தது. முடித்ததும் செடியை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "போன மாசமும் இதத்தானடா சொன்ன?" என்றார்.

சொன்னேன், அக்கா. உன்னிடம் மறைத்துவிட்டேன். கடையில் போய் வாங்கிக்கொள் என்ற உன் கடிதம் வந்த மறுநாள் போனேன். ஐந்து கடை ஏறி இறங்கி, கிட்டத்தட்ட அதே மாதிரி புள்ளி போட்டது ஒன்றை வாங்கினேன். மண்ணுக்கு மேல் கூழாங்கல் ஒட்டியிருந்தார்கள், அதைப் பெயர்த்துப் போட்டுவிட்டு வேறு தொட்டிக்கு மாற்றினேன். சும்மா கொடுத்தால் தொடமாட்டார் என்று தோன்றியது. "அக்கா அனுப்பியிருக்காப்பா. அம்மா வெச்சதோட குட்டியாம், அவகிட்ட பத்திரமா இருந்திருக்கு" என்றேன். என் வாயில் அதுவாகத்தான் வந்தது. நிஜமாகவே அப்படி ஒன்று இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நம்பினார். நாலு நாள் அவர் வேறு மனிதராக இருந்தார். தட்டில் மிச்சம் வைக்கவில்லை. காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு அதனிடம் ஏதோ முணுமுணுத்தார். என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். ஐந்தாம் நாள் ஒழுகின தண்ணீரைத் துடைப்பதற்காகத் தொட்டிக்கு அடியிலிருந்த தட்டைத் தூக்கியிருக்கிறார். தட்டு கடைத் தட்டு, அதை மட்டும் நான் மாற்றவில்லை. கீழே கடைப் பெயரோடு சீட்டு ஒட்டியிருந்தது. அவர் கத்தவில்லை. நான் வேலையிலிருந்து வந்தபோது சீட்டை உரித்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பதினைந்து வருஷமாக ஒவ்வொரு லிஃப்டின் அடிக்குழியிலும் இறங்கிப் பார்க்கிறவன் நான். ஒரு தொட்டித் தட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அதனால் உன் கடிதம் அவருக்குப் புதுசாக இல்லை. நான் சொன்ன அதே பொய்யை நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினதாகத்தான் அவருக்குத் தெரிகிறது. பிளேடு விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும், கேளுங்கள் என்று மன்றாடினேன். "அந்தக் கதைய அவளுக்கு நூறு தடவ சொன்னதே நான்தான்" என்றார். நீ வரலாமா என்று கேட்டேன். "வரட்டும். நான் எங்கியாவது போயிடறேன்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதற்கு மேல் என்ன இருக்கிறது. அவர் உன்னைக் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார் என்பது மட்டும் நிஜம். சீட்டு அகப்பட்ட பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், அவர் கேட்டதாகச் சொன்னால் நீ ஏதாவது செய்வாய் என்று எழுதினேன். வந்த நாளிலிருந்து இன்றுவரை அவர் தானாக உன் பேச்சை எடுக்கவில்லை.

செடியை என் மனைவி சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறாள். அங்கே கை நிழல் மங்கலாகத்தான் விழுகிறது. அப்பா அந்தப் பக்கம் வருவதில்லை. டம்ளர் எடுப்பதையும் விட்டுவிட்டார்.

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

உன்னைத் திட்டி மூன்று தாள் எழுதினேன். படித்துப் பார்த்தால் எல்லாம் எனக்கும் பொருந்துகிறது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீ ஒரு பொய்யைக் கட்டிக் கொண்டுபோய் என் உண்மை உட்காரவேண்டிய இடத்தில் உட்காரவைத்துவிட்டாய். ஆனால் அந்த இடத்தை ஜனவரியிலேயே காலியாக விட்டது நான்தான். அவர் பக்கத்தில் நின்று ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசியிருந்தால் போதும். இது அம்மா பிரித்த குட்டி அப்பா, அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டு, கெஞ்சி, பிறகு நான் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அம்மா ஒரு தடவைதான் செத்தாள். அவருக்கு அதை இன்னும் இரண்டு தடவை செய்தது நாம். ஒரு தடவை நீயும் நானும், இன்னொரு தடவை நீ தனியாக.

கடைசி வரிசையில் எட்டு தொட்டி மிச்சமிருந்தது. நேற்று எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டேன். ஐந்து வங்கிக்குப் போயிற்று, மூன்று பல் ஆஸ்பத்திரிக்கு. இது வாடகைக்கு இல்லை என்பாயே என்று முதலாளி ஆச்சரியப்பட்டார். இனிமேல் உண்டு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீ இதைப் படித்துவிட்டு அவற்றைத் திருப்பி எடு என்று எழுதாதே. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? எடுத்து யாருக்கு வைக்கப்போகிறேன்?

உன்னிடம் இருப்பதை உன் மனைவி பார்த்துக்கொள்ளட்டும். மாதம் இரண்டு தடவை தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். அதை அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டாதீர்கள். அவரை உச்சி வெயிலில் உட்காரவிடாதே, பால்கனிக்கு ஒரு துணித் திரையாவது கட்டு. நகத்தை வெட்டுவதற்கு முன் காலை வெந்நீரில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வலிக்கும், ஆனால் சொல்லமாட்டார். லீவை ரத்து செய்துவிட்டேன்.

மாதம் ஒரு கடிதம் போடு. சாப்பிடுகிறாரா, நடக்கிறாரா, தூங்குகிறாரா என்று இருப்பதை இருக்கிறபடி எழுது. மோசமாக இருந்தால் மோசம் என்றே எழுது, நான் தாங்கிக்கொள்வேன். அவர் என்னைக் கேட்டார் என்று மட்டும் எழுதாதே. நிஜமாகவே கேட்டாலும் எழுதாதே. படித்தால் நம்பிவிடுவேன்.

அக்கா